பாதி முத்திரை

பழனிச்சாமி இறந்த செய்தி வந்தபோது மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றிருந்தேன். அவர் மகள் போனில் பேசினாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. சாயா கேட்டாரு, கொண்டு வர்றதுக்குள்ள..." படகு வந்தது. நான் ஏறவில்லை.

நம் அஞ்சல்தலைச் சங்கத்தில் அவரை அறியாதவர் இல்லை. ஓய்வு பெறும்வரை அஞ்சலகத்தில் தபால் பிரித்தவர். நான் அஞ்சல்தலைகளைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதியவன். ஆகவே மேடை எனக்கு, கடைசி வரிசை அவருக்கு. பழைய உறை எதைக் கொடுத்தாலும் முதலில் இரு பக்கத் தேதிகளையும் படிப்பார். "முன்னால இருக்கிறது புறப்பட்ட ஊரு, பின்னால இருக்கிறது வந்து சேர்ந்த ஊரு. இது தெரியாம ஸ்டாம்பைப் பார்த்து எந்து காரியம்?" என்பார். பொதுவாகச் சொல்கிறார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அரிசிக் கிடங்கில் வேலை செய்யும் செல்வி என்னிடம் ஓர் உறையைக் கொண்டுவந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது துறைமுக வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. குஜராத்தில் கண்ட்லா துறைமுகத்தில் இருக்கிறார் என்று அம்மா சாகும்வரை சொன்னார். வேறொருத்தியோடு இதே ஊரில் இருக்கிறார் என்று தெரு சொன்னது. அம்மாவின் பெட்டியில் கிடைத்தது அப்பா அனுப்பிய இந்த வெற்று உறைதான். முன்பக்க முத்திரை மங்கல், பின்பக்கம் தெளிவு. தெளிவானதைப் படிப்பது அறிஞர் வழக்கம். "மட்டாஞ்சேரியில் போட்டது" என்றேன்.

"அப்போ இங்கயே இருந்துகிட்டா வரல்லை? அம்மா எங்கிட்ட கள்ளமா சொல்லுச்சு?"

அந்த நேரத்தில் நான் கேட்டது இது: "ஸ்டாம்பை எடுத்துக்கொள்ளட்டுமா?"

"எடுத்துக்கோங்க சேட்டா. எனக்கெதுக்கு அது?"

அப்போதே நீராவி காட்டி உரித்துக்கொண்டு, உறையைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் செல்வி சுவரிலிருந்து அம்மாவின் படத்தை இறக்கிவிட்டார்.

மறுநாள், செல்வி சொல்லி விஷயம் அறிந்த பழனிச்சாமி அவரை உறையோடு என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்டாம்பு எவிடே?"

"ஆல்பத்தில்."

"உரிச்சாச்சா? ரெண்டு புக்கு எழுதின ஆளல்லே நீ!"

உறையின் முன்பக்கத்தில் மிஞ்சியிருந்தது முத்திரையின் அரைவட்டமும் தேதியும்தான். ஊர்ப்பெயர் ஸ்டாம்போடு போயிருந்தது. அதே வகை ஸ்டாம்புகள் ஏழுக்கு நடுவே அதைச் செருகியிருந்தேன். எது என்று எனக்கே தெரியவில்லை.

"ஃபேனை ஆஃப் பண்ணுடோ" என்றார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உறையின் மூலையில் வைத்தார். முதலாவது பொருந்தவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கிட்டத்தட்டப் பொருந்தியது. நான் மகிழ்ந்தேன், அவர் எடுத்துவிட்டார். செல்வி மேசை விளிம்பை விடவேயில்லை. ஐந்தாவதை வைத்தபோது அரைவட்டம் முழுவட்டமாயிற்று. அதை ஜன்னல் வெயிலுக்குச் சாய்த்து, லென்ஸைப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"கண்ட்லாதான் மோளே. ஆறாம் நாள் இங்க வந்து சேர்ந்திருக்கு. உங்கம்மா சொன்னது நேராக்கும்."

செல்வி அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "நேத்து ராத்திரி முழுக்க அம்மா படத்தைத் திட்டிட்டிருந்தேன் சேட்டா."

மேசையிலிருந்த என் இரண்டு நூல்களையும் ஓரம் தள்ளி, பசைப் புட்டியை எடுத்து வைத்தேன்.

பழனிச்சாமி ஸ்டாம்பை மீண்டும் உறையில் ஒட்டிச் செல்வியிடம் கொடுத்தார். பழனிச்சாமியின் நினைவாக என்னிடம் எஞ்சியிருப்பது ஆல்பத்தின் அந்த ஐந்தாவது கட்டம். இன்றும் காலியாகவே இருக்கிறது. அதன் கீழே, என்னைக் கேட்காமல், அவர் பென்சிலால் எழுதிய வரி: "உரியவரிடம் சேர்க்கப்பட்டது."