கொலுசு கறுத்த காரணம்

இன்று காலை குழந்தையின் கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோயில் ஆராதனைக்குப் போவதற்குள் வெளுக்க வேண்டும். கறுப்பு என் விரலில் ஏறியதே தவிர, கொலுசை விட்டுப் போகவில்லை. பம்பாயில் இந்தச் செம்பூருக்குக் குடிவந்ததிலிருந்து இதே கதை. வந்த புதிதில், காற்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து திரும்பினால் வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும்.

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்துபோய்ப் படித்தேன். மேல் வகுப்பில் பெண்பிள்ளைகள் சயன்ஸ் எடுக்கலாம், இல்லையென்றால் தையலும் சமையலும். "சயன்ஸ் எடுளா. எது எதனால நடக்குன்னு தெரிஞ்சவளை ஒருத்தனும் ஏமாத்த முடியாது" என்றார் அப்பா. அவர் சொல்லை நான் மீறியதில்லை. தையல் எடுத்திருந்தால் குழந்தைக்கு ஒரு கவுனாவது கோணாமல் தைத்திருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

சோதனைச்சாலை என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கே ஒருநாள் அந்த முட்டை நாற்ற வாயுவைத் தயாரித்துக் காட்டினார்கள். நாங்கள் எல்லோரும் வெளியே ஓடி, வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். பாத்திமா மட்டும் நகரவில்லை. அவள் வாப்பாவுக்குத் தாராவியில் தோல் கிடங்கு.

"எங்க கிடங்கு வாசத்துக்கு இதெல்லாம் அத்தருட்டி" என்றவள், தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி வாயு பிடித்த ஜாடிக்குள் போட்டுவிட்டாள். கண்ணெதிரே அது கரியாகிவிட்டது.

"உம்மாட்ட என்ன சொல்லுவ?"

"சயன்ஸ் தின்னுட்டுன்னு சொல்லுவேன்."

சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது. அந்தப் பாடம் மட்டும் நான் படித்து மனதில் தங்கியதல்ல, பார்த்துத் தங்கியது.

அதனால்தான் குழந்தையின் கொலுசு கறுத்தபோது எனக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்குள் என் மாமியார் வேறொரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். "பிள்ளை உடம்புல கெட்ட சூடு. அதான் வெள்ளி கறுக்கு. இருமலும் அதனாலதான்." ஊர்வழக்கம் அப்படி. சூட்டை இறக்கக் குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார். இருமல் நிற்கவில்லை, குழந்தைதான் துவண்டுபோனாள்.

"அத்தே, சூடு இல்ல. காத்துல ஒரு வாயு இருக்கு. அதைத்தான் பிள்ளை மூச்சா இழுக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. சரி, பள்ளியில் செய்ததுபோல் செய்து காட்டிவிடுவோம் என்று, இரண்டு கொலுசையும் வெளுக்கத் தேய்த்து, ஒன்றைக் குழந்தையின் காலில் போட்டேன். மற்றதைப் பால்கனி ஆணியில் மாட்டினேன். உடம்புச் சூடுதான் காரணமென்றால் ஆணியில் தொங்குவது வெள்ளையாகவே இருக்க வேண்டுமல்லவா? சில நாளில் இரண்டும் ஒன்றுபோலக் கறுத்தன. எனக்கோ பரீட்சையில் தேறிய பெருமை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். "ஏசப்பா! அப்போ பிள்ளைக்கு இல்ல, வீட்டுக்கே ஏதோ கெட்டது பிடிச்சிருக்கு. ஐயரை வரச்சொல்லி ஜெபம் பண்ணணும்."

பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். நானும் முழங்காலிட்டேன். மனதார வேண்டவும் செய்தேன், பொய் சொல்வானேன்.

என் கணவர் மட்டும் நம்பினார். "நீ சொல்றது கரெக்டுதான். ஆனா ஆபீஸ்ல குவார்ட்டர்ஸ் குடுத்ததே இங்கதான். வேற ரூமுன்னா பகடின்னு முன்பணம் கேப்பான், எங்க போய்க் குடுக்க?" சற்று நேரம் கழித்து, "இவளையும் சயன்ஸ் படிக்கப் போடுவோமா?" என்று கேட்டார். கேலியா, உண்மையா என்று தெரியவில்லை. அப்பா சொன்னது சரிதான். என்னை யாரும் ஏமாற்றவில்லை. குழந்தை எதை மூச்சாக இழுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் தூங்கவைக்கிறேன்.

பாத்திமா பரீட்சைக்கு முன்பே கல்யாணமாகிக் குர்லா பக்கம் போனாள், பிறகு பார்க்கவில்லை. அந்தத் தகர அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்களாம்.

போன வாரம் தங்கை வந்திருந்தாள். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, எப்படிக்கா இதுல இருக்கீங்க?" என்றாள்.

"எதுல?" என்று கேட்டுவிட்டு நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. உள்ளே குழந்தை இருமிக்கொண்டிருந்தாள்.