சத்தமாகப் பேசுகிறவள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் என்று ஒருத்தி இருக்கிறாள். பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலை அம்மன் பெயர் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த விண்ணப்பக் கட்டத்திலும் அடங்காது. நாங்கள் அபிதா என்று கூப்பிடுகிறோம். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதுதான் அவள் வேலை என்று நியமன உத்தரவில் இருக்கிறது. நடப்பது வேறு. எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்பை மேய்ப்பாள். பஸ்ஸில் வாந்தி எடுத்த குழந்தையைக் கழுவி விடுவாள். அவள் அறையில் பாதியைக் கேரம் போர்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் அங்கே அறிவியல் எடுக்கிறேன். லேப் பக்கத்து அறை என்பதால் அவள் விடும் பெருமூச்செல்லாம் என் காதில்தான் விழும்.

பள்ளி உளவியலில் பிஎச்.டி. சேர வேண்டும் என்று அபிதா மூன்று வருடமாக அலைகிறாள். பேராசை ஒன்றும் இல்லை. ஆதிலட்சுமி என்ற பிள்ளை விஷயத்தில்தான் இது ஆரம்பித்தது.

ஆதிலட்சுமி அப்போது நாலாம் வகுப்பு. கவனமில்லை, திமிர், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள் என்று எழுதி, அவளை அபிதாவிடம் அனுப்பினார்கள். காது டாக்டரிடம் காட்டியதில் காது சரியாக இருந்தது. அபிதா முள்ளிப்பட்டுப் பக்கம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். நடையைத் தாண்டியதும் பவர்லூம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அபிதாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் வீடும் அப்படித்தான். அவள் அப்பா பரசுராமன் ஆரணியில் தறி ஓட்டுகிறவர்.

தறி ஓடும் வீட்டில் யாரும் மெல்லப் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காது. ஒன்று கத்த வேண்டும், இல்லையென்றால் எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து இதே பழக்கம். அந்தப் பிள்ளை வகுப்பில் வந்து உட்காரும்போது, டீச்சர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் சொன்னால் பாதி போய்விடும். இந்த ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருக்கும். பிள்ளைகளைப் பார்த்து நின்று பேசுங்கள், அது போதும் என்று அபிதா கரஸ்பாண்டெண்டிடம் போய்ச் சொன்னாள்.

"இத எந்த டாக்டர் சொன்னாரு?" என்று அவர் கேட்டார்.

"நான்தாங்க சார் சொல்றேன்."

"நீங்க டாக்டராம்மா?"

அன்றைக்குத்தான் அவள் முதல் விண்ணப்பம் போட்டாள்.

இந்த விண்ணப்பம் போடுகிற வேலை இருக்கிறதே, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தே எனக்கு அலுத்துவிட்டது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆராய்ச்சித் திட்டம் எழுத வேண்டும்; அவள் தறி வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதினாள். பள்ளியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதைக் கொடுப்பதற்குள் ஆபீசில் நம்மைப் பைத்தியமாக்கிவிடுவார்கள். எல்லாம் முடிந்து போனால் வழிகாட்டப் பேராசிரியர் கிடைக்க மாட்டார். முதல் வருடம் ஒருவர், தன்னிடம் இடம் காலி இல்லை என்றார். இரண்டாம் வருடம் இன்னொருவர் மெயிலுக்குப் பதிலே போடவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்து எடுத்து அவர்களும் ஓய்ந்துபோனார்கள். கடைவீதியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பரசுராமன், "இன்னா டீச்சர், எம்பொண்ணுக்கு இந்த வருஷமாவது ஆவுமா? கேட்டா மூஞ்ச தூக்கி வெச்சிகினு போறா" என்பார்.

இந்த வருடம் சென்னையில் சுபத்ரா என்ற பேராசிரியர் சரியென்றார். நேர்காணல் ஆன்லைனில். வீட்டில் வைத்தால் அப்பா தறியை நிறுத்துவார், எதிர்வீட்டுத் தறியை யார் நிறுத்துவது? அதனால் சனிக்கிழமை எங்கள் லேபில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் ஸ்டூல் போட்டுக்கொண்டேன், யாரும் உள்ளே வந்துவிடாமல் பார்க்க.

"டீச்சர், இதோட விட்டுருவேன். உடம்புல தெம்பு இல்ல," என்றாள். அவள் சும்மா சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திரையில் தேர்வுக் குழுவினர் மூன்று பேர் இருந்தார்கள். சுபத்ரா மேடம் அதில் இல்லை. முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு தலைவராக இருந்தவர், "நெட் இழுக்குது, எல்லாரும் வீடியோவை ஆஃப் பண்ணிடலாம்" என்றார். மூன்று முகமும் போய் மூன்று கறுப்புக் கட்டங்கள் நின்றன. அபிதா தடுமாற ஆரம்பித்தாள்.

அவள் குரல் ஏறியது. "கொஞ்சம் மெதுவாம்மா, சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு," என்றார் ஒருவர். யாரோ சிரித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி கதவோரம் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. அவளோ, "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றாள். அடுத்த கேள்விக்கும் அதே. மூன்றாவதற்கும் அதே.

"என்னம்மா, கவனம் இங்கதான் இருக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. தறி வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவள், வாயைப் பார்க்காவிட்டால் தனக்கும் பாதி போய்விடும் என்று அந்த நிமிஷம் வரை நினைத்ததே இல்லை. பள்ளியில் நாங்கள் எதிரே நின்று பேசுகிறோம். அதனால் அவளுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

"சார், கொஞ்சம் வீடியோ ஆன் பண்றீங்களா? நான் தறி வீட்டுல வளந்தவ. வாயப் பாத்தாத்தான் எனக்குச் சரியா புரியும். நான் எழுதியிருக்கறதே அதத்தான் சார்."

கட்டங்கள் கறுப்பாகவே இருந்தன. தலைவர் குரல்தான் வந்தது.

"அப்படின்னா நீங்க மாற்றுத்திறனாளி கோட்டாவுலல்ல அப்ளை பண்ணியிருக்கணும்? மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லீங்க சார். காது நல்லா இருக்குது."

"காது நல்லா இருந்தா அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர்களே நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவளுக்கு அதைக் கேட்கவும் சக்தி இல்லை.

அடுத்த வாரம் சுபத்ரா மேடம் போன் செய்தார். கெட்டவர் இல்லை. குழுவிடம் பேசிப் பார்த்தாராம். அந்தத் தலைப்புக்கு ஆதாரம் போதாது என்றார்களாம். தேர்வு பயம் பற்றிச் செய்வதானால் இடம் உண்டு, உடனே சொல்ல வேண்டும் என்றார். தேர்வு பயம் பற்றி ஏற்கெனவே ஊர்ப்பட்ட ஆராய்ச்சி கிடக்கிறது. அலமாரி கொள்ளாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அபிதா லேபுக்கு வந்தாள். "ஒத்துக்கினேன் டீச்சர்," என்றாள். "மொதல்ல அந்த டாக்டர் பட்டம் வரட்டும். அப்புறம் நம்ம விஷயத்த எழுதலாம். அப்ப யாரும் எந்த டாக்டர் சொன்னாருன்னு கேக்க மாட்டாங்க இல்ல?"

அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுந்தேன். என் வாய் சும்மா இருக்காது.

"அது முடிய அஞ்சு வருஷம் ஆகுமே, அபிதா. ஆதிலட்சுமி இப்ப ஏழாவது."

"தெரியும் டீச்சர். பன்னண்டாவது முடிச்சிருப்பா. கவனமில்ல, கவனமில்லன்னே எல்லா வருஷமும் எழுதியிருப்பாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கப்பா ஸ்வீட் வாங்கிகினு தெருவெல்லாம் குடுத்துகினு இருக்காரு. எனக்கு ஒரு துண்டு வாயில வெக்க முடியல."