குமரனிடம் நான் கேட்ட ஆதாரம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மதியச் சாப்பாட்டின்போது, என் அலுவலக நண்பன் குமரன் உடம்பு சரியில்லாத தன் அம்மாவுக்காகத் தைப்பூசத்தில் பால்குடம் எடுத்ததாகச் சொன்னான். இப்போது அவர் கொஞ்சம் தெம்பாக இருக்கிறாராம்.

தேவாலயத்துக்குத் தவறாமல் போனாலும், எதையும் அறிவால் சோதித்துப் பார்க்கும் ஆள் நான் என்று எனக்குள் ஒரு பெருமை. “டாக்டர் மருந்து குடுத்தாரு, தேவலையாச்சு. பால்குடத்தாலதான்னு என்னடா ஆதாரம்?” என்றேன். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆதாரமெல்லாம் இல்ல லா,” என்று அவன் தோசையைப் பிய்த்தான்.

அந்த ஞாயிறு, நான் முன்பே அழைத்திருந்ததால் எங்கள் ஆராதனைக்கு வந்தான். நான் சாட்சி சொல்ல எழுந்தேன். “அப்பாவுக்கு இதய ஆப்பரேஷன். உபவாசமிருந்து ஜெபிச்சோம். கர்த்தர்தான் பிழைக்க வச்சார்,” என்று சொல்லும்போது, கடைசி வரிசையில் குமரனின் முகம் தெரிந்தது. அவனிடம் வீசிய கேள்வி என் முன்னால் வந்து நின்றது. சாட்சியைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் அவன் என்னைக் கிண்டலடிப்பான் என்று தயாராக இருந்தேன்.

“அப்பா இப்ப நல்லா நடக்கிறாங்களா? நீ சொல்லவே இல்லயே,” என்றான்.

அப்போதுதான் கேட்டேன். “உங்க அம்மாவுக்கு என்னடா?”

“கிட்னி. இன்னும் டயாலிசிஸ் போய்ட்டுத்தான் இருக்காங்க.”

அவனிடம் ஆதாரம் கேட்ட நான், அவன் அம்மாவுக்கு என்ன நோய் என்றுகூடக் கேட்டிருக்கவில்லை. என் நம்பிக்கையிடமோ, அன்றுவரை எதையுமே கேட்டதில்லை.