பூவரசன் பக்கத்து சீட்டு

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை பூவரசனுக்கு. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றே ஆக வேண்டும். பஸ்ஸிலாவது உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவன் ஆசை. பெரிய ஆசைதான், போங்கள்.

டவுன் பஸ் எங்கள் காலனிவரை வந்து திரும்ப வேண்டும். வராது. ஊர்த்தெருவோடு திரும்பிவிடும். கேட்டால் ரோடு குறுகல் என்பார்கள். கரும்பு லாரி போகிற ரோடு பஸ்ஸுக்கு மட்டும் குறுகிப்போகுமாம். உண்மை வேறு. காலனியில் முதலில் ஏறினால் நாங்கள் உட்கார்ந்துவிடுவோம், ஊர்க்காரர்கள் நிற்க வேண்டிவரும். நாங்கள் உட்கார்ந்திருக்க அவர்கள் நிற்பதா? அந்த வயிற்றெரிச்சலுக்குத்தான் இத்தனை நாடகம்.

அதனால் தினமும் ஊர்த்தெருவரை நடந்துபோய், நிரம்பிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனான் பூவரசன். பொறுத்துப் பார்த்தவன், கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு அலைந்தான். "ஒனக்கு எதுக்குடா இந்த வேல?" என்று முதலாளி எரிந்து விழுந்தார். அவன் விடவில்லை. போன தை மாதம் பஸ் காலனிக்குள் வந்தேவிட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. காலனி மண் செருப்பில்கூட ஒட்டக்கூடாது என்றிருந்த ஊர்க்காரர்கள், சீட்டுப் பிடிக்கக் காலனிக்கே நடந்துவர ஆரம்பித்தார்கள். வெட்கம் மானம் எதுவும் இல்லை. ஏறியதும் எங்கள் ஆள் இல்லாத சீட்டாகத் தேடி உட்காருவார்கள். பஞ்சாயத்தில் தலைவராக இருந்த திருநாவுக்கரசும் வந்தார். எங்கள் வீட்டுச் சாவுக்கு எட்டிப் பார்க்காத மனிதர், எங்கள் குழாயடியில் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

ஒருநாள் அவர் பிந்திவிட்டார். மிச்சமிருந்தது ஒரே இடம், பூவரசன் பக்கத்தில். கண்டக்டர் அன்பரசு பூவரசனிடம் குனிந்தார்.

"பெரியவரு நிக்கிறாரு. நீ எழுந்துக்கயேன், அவரு தனியா உக்காரட்டும்."

"பக்கத்துல காலியாதான கெடக்குது? உக்காரச் சொல்லுங்க. நான் ஏன் எழுந்துக்கணும்?"

பூவரசன் எழவில்லை.

திருநாவுக்கரசு உட்காரவில்லை. மூட்டுவலிக்காரர், ஒவ்வொரு வளைவிலும் கம்பியைக் கட்டிக்கொண்டு ஆடினார். நின்றிருந்த மற்ற ஊர்க்காரர்களும் அந்த இடத்தைத் தொடவில்லை. கௌரவம் என்றால் சும்மாவா?

பூவரசன் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைத் தூக்கி அந்தக் காலி சீட்டில் நீட்டிக்கொண்டான். சிதம்பரம் வரும்வரை நன்றாகத் தூங்கினான்.