அடிவாரத்திலிருந்து ஒரு மிஸ்டு கால்

மிஸ்டு கால் வந்தால் எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அது கைவரவே இல்லை.

என் மகள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வேலைக்கு இறங்குவாள். மலைப்பாதை முடிந்து அடிவாரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, எனக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்வாள். பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அர்த்தம். பிள்ளைகளைக் கீழே அனுப்பும் வீடுகள் பலவற்றில் இங்கே இந்த வழக்கம் உண்டு. ரிங் கேட்டால் அம்மாக்கள் ஃபோனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோசையைத் திருப்பிப் போடுவார்கள். நானோ அந்த ஒரு ரிங் முடிவதற்குள் எடுத்துவிடுவேன்.

“சொல்லு கண்ணு, எங்க இருக்கற?”

“அடிவாரத்துலதானுங்ப்பா. அதுக்குத்தான மிஸ்டு கால்.”

“மழை பேயுதா? ரோடு வழுக்குதா?”

“அப்பா, ஹெல்மெட்டக் கழட்டிட்டு நின்னு பேசிட்டிருக்கறேன். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கறான். மிஸ்டு கால்னா எடுக்கக் கூடாதுங்ப்பா!”

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. சென்ற வருடம் ஆடி மாத மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவள் விழுந்துவிட்டாள். எதிரே ஆள் தெரியாத பனி. ஈர இலைகளில் சக்கரம் வழுக்கி, காரை எலும்பு முறிந்து, எழ முடியாமல் சாலையோரம் கிடந்திருக்கிறாள். மேலே வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதுவரை நான் வீட்டிலிருந்து ஃபோன் செய்துகொண்டே இருந்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி போனது. மறுபடியும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “ஃபோன் அடிச்சிட்டே இருந்துச்சுங்ப்பா. பை கொஞ்சம் தள்ளிக் கெடந்துச்சு. கையே எட்டல.”

எலும்பு கூடிவிட்டது. என்னுள் எதுவோ கூடவில்லை. நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு, பிள்ளைகள் பார்த்திருக்க, பையிலிருந்து ஃபோனை எடுத்து அவளுக்கு அடித்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அது கேள்வியே இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஐப்பசியில் அவள் மீண்டும் வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் போ என்றேன். திரும்புகிற நேரத்துக்குப் பஸ் சரியாக வராது என்றாள். நான் தினம் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“இப்படியே இருந்தீங்கன்னா நான் சேலத்துலயே ஹாஸ்டல் பாத்துப் போயிடுவேனுங்ப்பா. வெளயாட்டுக்குச் சொல்லல.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. ஆகவே ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவள் சாலையில் இருக்கும்போது நான் அழைக்கக் கூடாது. அடிவாரத்திலிருந்து அவள் ஒரு ரிங் விடுவாள். அதுவரை நான் சும்மா இருக்க வேண்டும்.

“சும்மா இருக்கறதுக்கு அவருக்கு எங்க தெரியுது?” என்றாள் என் மனைவி. “கையில எதையாச்சும் குடுத்துட்டுப் போ.”

மகள் பரணில் ஏறினாள். பிளஸ் டூ படித்தபோது ஆசைப்பட்டு வாங்கி, நான்கு மாதம் வாசித்துவிட்டுத் தூக்கிப் போட்ட கிடாரை இறக்கினாள். இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. உறையில் பூசணம்.

“இதப் புடிங்க. ரெண்டு கையும் இதுல இருக்கோணும். அப்பத்தான் ஃபோன எடுக்க மாட்டீங்க.”

என் கிடார் கல்வி ஆரம்பித்தது இப்படித்தான். இசை ஆர்வம் என்று யாராவது கேட்டால் தலையாட்டி வைக்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லாட்ஜில் கூட்டம் இருக்காது. பின்பக்க வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வகுப்பு. என் டீச்சருக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“என்னங்க சார், கம்பியப் புடிக்கச் சொன்னா கழுத்த நெரிக்கறீங்க?”

“லூசா புடிச்சா சத்தம் வரலீங்களே.”

“இறுக்கிப் புடிச்சாலுந்தான் வரல. விட்டுப் புடிங்க சார். அது எங்கயும் ஓடிப் போயிடாது.”

முதல் மாதங்களில் இடது கை விரல் நுனிகள் சிவந்து தடித்தன. சாம்பாரில் சோற்றைப் பிசையும் வலது கை தப்பித்தது; துணி பிழியத்தான் முடியவில்லை. பிறகு தோல் காய்த்தது. ஜி கார்டு என்கிற விரல் பிடியிலிருந்து சி கார்டுக்கு மாறுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்ற நிலை போய், பாட்டு நிற்காமல் மாறும் அளவுக்கு வந்தேன். இது சின்ன விஷயம்தான். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு விரல் தானாக ஓர் இடம் கற்றுக்கொள்வதைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. என் விரலா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு கூத்து செய்தேன். எங்கள் ஊரில் மழை பிடித்துக்கொண்டால் துணி, செருப்பு, சர்டிபிகேட் எல்லாம் பூசணம் பூக்கும். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். வீட்டில் உயர்ந்த பொருள் எதுவோ அதற்கு அந்தப் பீரோவில் இடம். நானும் கிடாரைப் பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பல்பு வெளிச்சம் நன்றாகப் படுமாறு திருப்பி வைத்தேன். ஒரு வாரம் வீடு முழுக்க மரம் காய்ந்த மணம். எடுத்துப் பார்த்தால், கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை பசை விட்டு வாய் பிளந்திருந்தது.

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், கிடார அடைக்கு வச்சீங்களா? எத்தன குஞ்சு பொரிச்சுது?”

“ஈரம் பட்டுடுமேன்னுதானுங்க…”

“அதுக்குன்னு இப்படியா பொத்திப் பொத்தி வெப்பாங்க? கொஞ்சம் ஈரத்தையும் அது தாங்குமுங்க. மலையிலதான இருக்குது, பழகிக்கும்.”

சேலத்தில் ஒட்டி வாங்கி வந்தது மகள்தான். வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் சொன்னாள்: “நல்லவேள, நான் அந்த பீரோவுக்குள்ள அடங்க மாட்டேன்மா. இல்லீன்னா என்னயும் உள்ள வெச்சு பல்ப்பப் போட்டிருப்பாரு.” மனைவியும் சிரித்தாள். நான் சிரித்த மாதிரி செய்தேன்.

அவள் காலையில் கேட்டைத் தாண்டியதும் கிடாரை எடுப்பேன். ஃபோன் எதிரே முக்காலியில். முதலில் அப்படியும் இப்படியும் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே தெரியாமல் ஒரு முறை உண்டாகிவிட்டது. நான்கு கார்டுகளில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஒவ்வொரு சுற்றும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதையில் எத்தனை வருடமாக ஏறி இறங்குகிறேன். எந்த வளைவுக்கு எத்தனை நேரம் என்று கண்ணை மூடினாலும் தெரியும். பாட்டும் வண்டியும் சேர்ந்தே இறங்கின. வாசித்து முடிக்கவும் ரிங் வரவும் சரியாக இருந்தால் அன்று எனக்கு நல்ல நாள். வராவிட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கேட்டுக்குப் போவேன், திரும்பி வந்து ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர்தான் கண்டுபிடித்தார், பாதியை.

“சார், பாட்டு நல்லாத்தான் போவுது. நடுவுல ஒரு எடத்துல ஏனுங்க மெதுவாவறீங்க? ஒவ்வொரு வாட்டியும் அதே எடம். அங்க என்ன, பஸ் ஸ்டாப்பா?”

நான் கையை எடுத்துவிட்டேன். அது அவள் விழுந்த வளைவு.

அவரிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. “இந்தப் பாட்டு வேண்டாமுங்க சார். வேற ஒன்னு எடுப்போம். எஃப் கார்டு வருது, கஷ்டமா இருக்கும். ரோட்ட நெனைக்க நேரம் இருக்காது” என்றார்.

எஃப் கார்டு பிடிக்க ஆட்காட்டி விரலைப் படுக்க வைத்து எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டும். மற்ற விரல்கள் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு மாதக்கணக்கில் அது தகரத்தில் தட்டியது போல ‘டப் டப்’ என்றுதான் கேட்டது. புரட்டாசி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. நான் இன்னும் அடிவாரத்து ரிங்கை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் இப்போதெல்லாம் திட்டுவதுகூட இல்லை. “ஆமாங்ப்பா, வந்துட்டேன்” என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஆபீஸ் தோழி தங்கியிருக்கும் ஹாஸ்டலில் ஓர் இடம் காலியாகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் அறைக்குள் போய்ப் பீரோவைத் திறந்து, எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்துவிட்டுச் சாத்தினேன்.

அந்த வாரம் புதன்கிழமை. முந்தின நாள் முழுக்க அடைமழை. மனைவி செம்மநத்தத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். மகள் கிளம்பிச் சற்று நேரத்தில் ஃபோன் வந்தது.

“அப்பா, மெயின் ரோட்டுல பாற உருண்டு கெடக்குதாம். போலீஸ் திருப்பி உடறாங்க. நான் குப்பனூர் ரோட்டுல போறேன். கீழ குப்பனூர் போனதும் ரிங் உடறேன்.”

“திரும்பி வந்துடேன் சாமி.”

“அப்பா.”

“சரி. சரி, போயிட்டு வா.”

குப்பனூர் வழி எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. எங்கே வளைவு, எங்கே இறக்கம், இப்போது எங்கே இருப்பாள், எதுவும் மனத்தில் ஓடவில்லை. பழைய பாட்டை எடுத்தேன். அதற்கு இறங்கச் சாலையே இல்லை. நிறுத்தினேன். எழுந்தேன். ஃபோனில் சார்ஜ் குறைந்திருந்தது. சமையலறையில் செருகிவிட்டு வந்தேன். தகரக் கூரையில் மழை இரைந்தது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் எஃப் கார்டைப் பிடித்தேன். டப். விரலைச் சற்று உருட்டினேன். டப். களைத்துப் போய்க் கையைத் தளர்த்தி, ஏனோதானோ என்று ஒரு தட்டுத் தட்டினேன்.

எல்லாக் கம்பிகளும் ஒலித்தன.

மறுபடி தட்டினேன். மறுபடியும் ஒலித்தன. சி கார்டுக்குப் போய்த் திரும்பி எஃப்புக்கு வந்தேன். வந்தது. புதுப் பாட்டை முதலிலிருந்து எடுத்தேன். முடிவு வரை போனேன். இன்னொரு முறை போனேன்.

ஜன்னலில் யாரோ அறைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் நின்றார்.

“ஏனுங்க வாத்தியாரே! ஊட்டுல உசுரோடதான் இருக்கறீங்களா? பாப்பா எனக்கு ஃபோனு போட்டு ‘அப்பாவப் போயிப் பாருங்கக்கா, போயிப் பாருங்கக்கா’ன்னு அழுவுது. நீங்க என்னடான்னா டொய்ங் டொய்ங்னு கச்சேரி பண்ணிட்டு இருக்கறீங்க!”

அவர் நீட்டிய ஃபோனை ஜன்னல் கம்பி வழியாக வாங்கினேன்.

“கண்ணு? என்னாச்சு? உளுந்துட்டியா?”

“எனக்கு ஒன்னும் ஆகல. நீங்க ஏன் ஃபோன எடுக்கல?”

“எடுக்கக் கூடாதுன்னு…”

“ஒரு ரிங் உட்டேன், எடுக்கல. நீங்க எடுக்காம இருந்ததே இல்லயே. சரின்னு முழுசா அடிச்சேன். ரிங் போயிட்டே இருந்துச்சுங்ப்பா. மறுபடி அடிச்சேன். அப்பவும் போயிட்டே இருந்துச்சு. அம்மாவும் ஊட்டுல இல்ல. நெஞ்சு வலியோ என்னமோன்னு…” மூக்கை உறிஞ்சினாள். “வண்டியத் திருப்பிட்டேன். பாதி ஏறிட்டேன்.”

“ஃபோன் சமையல்கட்டுல சார்ஜுல கெடக்குது. கிடார் வாசிச்சிட்டு இருந்தேன் சாமி. எஃப் கார்டு வந்துடுச்சு.”

மழைச் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும்.

“நல்லா வந்துச்சு போங்க,” என்றாள் கடைசியில். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. “நான் ஆபீசுக்குப் போறேன். நொம்ப லேட்டாயிடுச்சு.”

பக்கத்து வீட்டுக்காரம்மா ஃபோனை வாங்கிச் சாக்குக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். “அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே வியாதி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இருட்டும் முன்பே மகள் வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினாள். ரெயின்கோட்டை உதறினாள். ‘எங்கே, வாசிங்க’ என்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. என் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கும் குப்பனூர் வழிதான். ரெண்டு ரிங் உடறேன். ஒன்னு நான் வந்துட்டேன்னு. இன்னொன்னு நீங்க எடுக்காம இருக்கறதுக்கு.”

“எடுக்கலைன்னா நீ பயப்பட மாட்டியா?”

“மாட்டேன்.” எழுந்துகொண்டாள். “ஃபோன மட்டும் சமையல்கட்டுல கொண்டுபோயி வெக்காதீங்க.”

செம்மநத்தத்திலிருந்து திரும்பிய மனைவி இரவுச் சாப்பாட்டின்போது ஹாஸ்டலுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டாள். மகள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “தை பொறக்கட்டும், பாக்கலாம்னு சொல்லிட்டேன்,” என்றாள். தைக்கு இன்னும் நாளிருக்கிறது. தை வராமலும் போகாது. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கிடாரும் நானும் ஃபோனும் பழைய இடத்தில். பனி கேட்டை மூடியிருந்தது. பாட்டின் பாதியில், எஃப் கார்டில் விரல் படுத்திருந்தபோது, ஃபோன் அடித்தது. ஒரு ரிங். விரல் கம்பியை விட்டு எழுந்தது. இரண்டாவது ரிங். எழுந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தேன். ஃபோன் நின்றது. திரையில் அவள் பெயர் சற்று நேரம் எரிந்துவிட்டு அணைந்தது. கையைக் கம்பிக்குத் திருப்பிக் கொண்டுவந்து தட்டினேன். டப் என்றது. கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தேன்.