மாமியார் ஊற்றிய போர்வெல் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்திருந்த மாமியாருக்கு, நான் பகலெல்லாம் என்னதான் செய்கிறேன் என்பது பெரிய சந்தேகம். பந்தா காட்டலாமென்று ஆய்வகத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து வந்தேன். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதற்குள்தான் இருந்தது. பேராசிரியர் ஊரில் இல்லை என்ற தைரியம்.

சும்மா பார்த்தால் தண்ணீர் கலந்த பால். ஜன்னல் வெயிலில் சாய்த்தால் பச்சையாக மின்னும்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைங்க அத்தை. எல்லாம் ஒரே அளவு, எல்லாத்துலயும் ஒரே மாதிரி கரண்ட். அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளும். போக இடமில்லாம சம தூரத்துல வரிசையா நின்னுடும். அந்த வரிசையில வெளிச்சம் பட்டாதான் இந்தக் கலர்."

"ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு சொல்லு," என்றார். "இந்த ஊர்ல பஸ் ஏறுறவங்களுக்கும் கொஞ்சம் கரண்ட் ஏத்தி விடேன்."

மறுநாள் மாலை வந்து பார்த்தால் குப்பி கழுத்து வரை நிறைந்து, வெறும் வெள்ளையாக இருந்தது.

"கொறைஞ்சிருந்துச்சும்மா. கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சேன்," என்றார் பெருமையாக. குழம்புக்குச் செய்வதைத்தான் செய்திருக்கிறார்.

"அது போர்வெல் தண்ணி அத்தை. உப்பு இருக்கும். உப்பு பட்டா தள்ளுறது அடங்கிடும், வரிசை கலைஞ்சிடும்."

"நான் உப்பே போடலியேம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. மாதக்கணக்கில் சுத்தம் செய்து உண்டாக்கியது. உப்பை உறிஞ்சும் ரெசின் மணிகளைக் கொண்டுவந்து குப்பிக்குள் போட்டேன். பேராசிரியர் திரும்பி வந்து குப்பியைக் கேட்டபோது ஏதோ சொல்லி மழுப்பினேன். வீட்டில் அது வெள்ளையாகவே கிடந்தது. மாமியார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. இனி அதன் பக்கமே போவதில்லை என்று மட்டும் அறிவித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஆய்வகத்துக்கு போன் வந்தது. போன் என்றாலே ஒதுங்குகிற மாமியார், தெருமுனை பூத்திலிருந்து பேசினார்.

"வந்துடுச்சும்மா. ஆனா செவப்பா வந்திருக்கு."

ஊற்றிய தண்ணீரால் உருண்டைகள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. இடைவெளி கூடினால் பச்சை சிவப்பாகிவிடும். வரிசை பிழைத்துவிட்டது.

"செவப்பு ஆகாதா?" என்றார் பயந்துபோய்.

"செவப்பே போதும் அத்தை."

"அப்ப இன்னிக்கு மத்தியானம் நான் சோறு சாப்பிடலாம்ல?"

அந்த வாரம் முழுக்க எனக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு, அவர் பகலில் பட்டினி கிடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.