உப்பங்கழியில் புலி விட்ட ஹெலன்

உப்பங்கழியில் புலி விடப்போகிறார்கள் என்று சேதி கிளம்பியது. கோவளத்தில் பஸ் ஏறும்போது ஒரு புலிதான். மாமல்லபுரத்தில் இறங்கும்போது அது ஜோடியாகி, குட்டியும் போட்டிருந்தது. விடச்சொல்லி எழுதிக்கொடுத்தவள் ஹெலன் என்பது சேதியின் வால்.

ஹெலனுக்குத் தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை. கல்பாக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள் அவள். வாரமெல்லாம் வீங்கிய கன்னங்களைப் பார்த்துச் சலித்து, ஞாயிற்றுக்கிழமையாவது பறவை பார்க்கலாமென்று கழிக் காவலர் குழுவில் சேர்ந்தாள். பார்த்த பறவை கொஞ்சம், பொறுக்கிய பீர் பாட்டில் ஏராளம். கட்டட இடிபாட்டைக் கழியில் கொட்ட வந்த லாரிக்கு முன்னால் ஒருமுறை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஹாரன் அடித்து ஓய்ந்த டிரைவர், கடைசியில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினான். குழுவின் மற்ற பெரிய மனிதர்கள் அதைப் பத்திரமான தூரத்திலிருந்து வீடியோ எடுத்தார்கள்.

எல்லாம் கூடிவந்த நேரம் இது. கழியைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கக் குழு மனுப் போட்டிருந்தது. ஊராரே காவல், ஊராருக்கே இறால், வெளியாள் ஒரு கூடை மண்ணும் கொட்ட முடியாது. ஞாயிறன்று கிராம சபையில் ஊர் கை தூக்கினால் காகிதம் மேலே போகும். தூக்காவிட்டால் லாரிகள் திரும்பி வரும். இந்த நேரத்திலா புலி?

விசாரிக்கக் கிளம்பினாள். முதல் வீடு கண்ணகியுடையது. பறி என்னும் ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அவள் வாக்குதான் சட்டம். அன்று ஒருத்தியும் தண்ணீரில் இறங்கியிருக்கவில்லை.

"வாம்மே. எங்கள புலிக்குப் போட்டுட்டு நீ பல்லு புடுங்கப் போறியா?"

"அய்யோ அக்கா, புலியும் இல்ல, கிலியும் இல்ல. யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பஸ் ஸ்டாப்புல நீங்களே கட்டி வச்சுகினு கீறீங்க. இம்மாம் பெரிய மூஞ்சி!"

போய்ப் பார்த்தாள். கிராம சபைக்கு ஊரை அழைக்கக் குழு கட்டிய ஃப்ளெக்ஸ்தான். 'தேசியப் பூங்கா அமைத்திட அலைகடலெனத் திரண்டு வாரீர்!' கீழே குழுவினர் வரிசையாகக் கை கூப்பி நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல், இவர்களில் யாரை முதலில் என்று யோசிப்பதுபோல், வாயைப் பிளந்துகொண்டு ஒரு புலி.

நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். "ஆல்வினு, பூநாரைதானே கேட்டோம்?"

"கேட்டீங்கக்கா. பெரிசு பண்ணா புள்ளி புள்ளியாப் பூடுது. நேஷனல் பார்க்குன்னா எங்கிட்ட புலிதான் ரெடியா கீது. ஃப்ரீயா வச்சேன்."

"கேக்க வேணாமாடா?"

"குரூப்புல போட்டேனே! எல்லாரும் கட்டைவிரல் தூக்குனீங்க."

போனை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். ஒருவர் வழுக்கையை மறைக்கச் சொல்லியிருந்தார். இன்னொருவருக்கு இனிஷியல் விட்டுப்போன துக்கம். தலைவர் ஹரிகிருஷ்ணன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தன் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருந்தார். 'என் பொடவ கலரு டல்லா கீது' என்று ஹெலனும் எழுதியிருந்தாள். ஆளாளுக்குத் தன் மூஞ்சியைச் சரிபார்த்தார்கள். புலியின் மூஞ்சியை ஒருவரும் பார்க்கவில்லை.

தலைவருக்குப் போன் போட்டாள். "சார், நாம கேட்டது சமுதாயக் காப்பகம். தேசியப் பூங்கான்னு ஏன் போட்டீங்க? அது வந்தா இந்தப் பொம்பளைங்க ஒரு இறாலத் தொட முடியாது."

"ஹெலன்மா, சமுதாயம்னு போட்டா ஏதோ சாதிச் சங்க மாநாடு மாதிரி தெரியுது. தேசியம்னா ஒரு கெத்து இருக்குல்ல?"

"புலியும் கெத்தாத்தான் கீது சார்" என்று போனை வைத்தாள். புலி பொய். ஆனால் பயம் முழுப் பொய்யில்லையே என்பதுதான் அவளை அரித்தது.

ஃப்ளெக்ஸை அவளே அறுத்து இறக்கினாள். சுருட்டிக் கண்ணகி வாசலில் போட்டு, மனுவை வரி விடாமல் படித்துக் காட்டினாள். கண்ணகி ஃப்ளெக்ஸை ஆட்டுக் கொட்டகைக் கூரைக்கு எடுத்துக்கொண்டாள். புலியை வானத்தைப் பார்க்கப் போட்டாள், ஆடு மிரளக் கூடாதாம்.

"செரி, கை தூக்கறோம். எங்க இறாலுக்குத் தடை இல்லன்னு சபையில உங்க தலைவரே சத்தமாப் படிக்கணும். அப்புறம், உங்க புலியால எங்க பொழப்பு கெட்டுதே, அதுக்கு?"

"இன்னாக்கா செய்யணும்?"

"ஒரு காலம்பர எங்களோட எறங்கு. பறிய வாயில கடிச்சுக்கினு தடவு. கெடைச்சத எங்ககிட்ட குடு. அம்மாம் நேரம் உன்னால கமிட்டி, தீர்மானம்னு பேச முடியாது. காதுக்கு சொகமாருக்கும்."

ஹெலன் ஒப்புக்கொண்டாள். ஞாயிறன்று தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார், கைகள் உயர்ந்தன, காகிதம் மேலே போனது.

ஹெலன்தான் இன்னும் கீழே இறங்கவில்லை. ஒரு வாரம் அதிகாரி வருகிறார் என்றாள். மறு வாரம் ஜலதோஷம். லாரிக்கு அஞ்சாதவளுக்குச் சேறென்றால் குமட்டும் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிகிறது. கண்ணகி புது ஓலைப் பறி ஒன்று முடைந்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள். யாருடையது என்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறாள். ஹெலன் இப்போதெல்லாம் சர்ச் தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.